முப்பத்தெட்டரை அடி

முப்பத்தைந்துக்குக் கீழே போனால்
படகு சேற்றில் நின்றுவிடும்.
நாற்பதைத் தாண்டினால்
கூடாரத்துக்குப் பார்த்துவைத்த பாறைத்திட்டு முங்கிவிடும்.
நடுவில் இருக்கிற ஐந்து அடிதான்
எங்கள் விடுமுறை.

சமாதானபுரத்தில் ஜெபமணியின் பல் ஆஸ்பத்திரி.
கடைசி ஆள் கொப்பளித்துத் துப்பிப் போனபின்
நாற்காலியை முழுக்கச் சாய்த்து
அதன்மேல் வரைபடத்தை விரிப்போம்.
விளக்கை இழுத்து இறக்கினால்
கழுகுமடை அணை
சொத்தை விழுந்த கடைவாய்ப் பல்லாகத் தெரியும்.

செம்பாறைகளுக்கு இடையே மூன்று கிலோமீட்டர்
வளைந்து வளைந்து பின்னுக்குப் போகிற தண்ணீர்.
மேற்கே மழை பெய்கிற மலை.
இந்தப் பக்கம் உடைமரம், கள்ளி, ஓணான்.
மேகம் இதன் தலைக்கு மேலாகவே போய்
வேறு யாருக்கோ பெய்யும்.
கடைசி டீக்கடைக்கு அப்புறம்
பதினெட்டு கிலோமீட்டர்.

நோட்டில் எழுதியிருக்கிறேன்:
ஆளுக்கு, நாளுக்கு, ஆறு லிட்டர் குடிதண்ணீர்.
'அணைக்குப் போறதுக்குத் தண்ணி சுமக்கணுமா'
என்று வீட்டில் சிரித்தார்கள்.
ஊதுகிற படகு, தூத்துக்குடியில் வாங்கியது, செகண்ட் ஹேண்ட்.
கால்பம்பு. பஞ்சர் பசை.
வனத்துறைக் கடிதம் மூன்று நகல்.
அவல், எலுமிச்சை, உப்பு.
தேள் கடித்தால்:
இதற்கு நேராக இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

நீச்சல் தெரியாது என்பதை மைதீன் பாத்து
மூன்றாவது கூட்டத்தில்தான் சொன்னாள்,
அதுவும் வாசலில் செருப்பு மாட்டும்போது.
இரண்டு வரிக்கு மேலே போய் இடுக்கி எழுதினேன்:
லைஃப் ஜாக்கெட், அவளுக்குக் கட்டாயம்.

வியாழன் தோறும் லஸ்கருக்குப் போன் போடுவது
என் பொறுப்பு.
ஷட்டர் மேட்டில் ஏறி நின்றால்தான்
அவருக்கு ஒரு கோடு சிக்னல்.
'நாப்பது இருக்கும்மா.'
அடுத்த வாரம், 'முப்பத்தொம்பது.'
பிசானத்துக்குத் திறந்துவிட்ட வாரம், 'முப்பத்தெட்டர.'

அந்த வாரம் எங்களுக்கு விவசாயிகள்மேல்
வெளியே சொல்லக்கூடாத ஒரு வருத்தம்.
பேராச்சியின் அண்ணன் நட்டிருப்பது
அந்த வாய்க்காலின் கடைமடையில்.
அவள் ஒன்றும் பேசாமல்
ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலைச் சீவினாள்.

எண்களை எல்லாம் கட்டம்போட்ட தாளில் புள்ளிவைத்துக்
கோடு இழுத்தேன்.
மாசி முதல் சனிக்கிழமை, முப்பத்தேழு.
லீவுக்கு எழுதிக்கொடுத்தோம்.

நேற்று அவராகவே கூப்பிட்டார்.
'எத்தன பேரு வாரிய?'
'நாலு பேரு.'
'எல்லாம் பொம்பளையாளா?'
'ஆமா.'
போனில் காற்று இரைந்தது. நான்
பதில்களைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன்.
'அந்தப் பல்லு டாக்டரம்மா
கண்ணும் பாப்பாகளா?'

இரண்டு வருசமாகப் புரை.
அளவுகோலில் எண் ஒன்றும் தெரிவதில்லை.
கோல் இருப்பதே
வெயில் சாய்கையில்தான் தெரியும்.

'அப்ப எப்படி அளவு சொன்னிய?'

'கால வச்சுப் பாத்துதான்.
எட்டாவது படி நனைஞ்சா முப்பத்தெட்டு.
பாசி வழுக்குத படி முப்பத்தேழு.
இருட்டுலகூடச் சொல்லிருவேன்.'

'அந்த அரை?'

'அது கணுக்காலு.'

சொன்னதும் ஜெபமணிதான் அதிகம் சிரித்தாள்.
சிரித்து முடித்து, ஹைகிரவுண்டில்
கூடப் படித்த ஒருத்தியை அழைத்து
தேதி கேட்டாள்.
நான் கோட்டை அழிக்கவில்லை;
அது இறங்குகிற சாய்வில்
ஒருவர் படியிறங்குவது தெரிந்தது.

நோட்டில் புதிதாக ஒரு வரி:
திரும்பும்போது ஜீப்பில் ஐந்து பேர்.
அதன் கீழே பேராச்சியின் கையெழுத்தில்,
கூரான பென்சிலால்:
அந்த நாட்களில்
படியில் கால் நனைப்பது யார்?